ஓடட்டுமா, ஓய்வெடுக்கட்டுமா?

2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஒரு சிறப்பு ரயில் போனது. அந்தத் தடத்தில் மின்ரயிலில் தினம் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அன்று பெட்டியை இழுத்தது ஒரு கரி எஞ்சின். பழைய கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண் கொண்டது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856 ஜூலையில்தான். நம் ஊரில் தண்டவாளம் திறக்கப்படுவதற்கு முன்பே பிறந்துவிட்ட எஞ்சின், 155 வயதில், நம் ஊர்த் தண்டவாளத்திலேயே புகை விட்டுக்கொண்டு போயிற்று.

பார்த்தவர்கள் கை தட்டினார்கள். தட்டாமல் இருப்பது கஷ்டம். ஆனால் அருங்காட்சியகத் துறையில் இருப்பவரிடம் இதைச் சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "அதில் 1855 எவ்வளவு இருக்கிறது?"

உலகில் எங்கெல்லாம் பழைய நீராவி எஞ்சின் ஒன்று மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் நடக்கும் சண்டை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பழுது பார்த்து ஓட்டுவதா, உள்ளபடியே காட்சிக்கு வைப்பதா? இரு தரப்புமே "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். எதைப் பாதுகாப்பது என்பதில்தான் பிளவு.

21-க்கு ஒரு கூடப்பிறந்தவளும் உண்டு. 22-ஆம் எண். பின்னாளில் "ஃபேரி குயின்" என்று பெயர் பெற்றவள். இரண்டும் லீட்ஸின் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனத்தில் ஒரே ஆண்டில் உருவானவை. 26 டன் எடை, 130 குதிரைத்திறன். இன்று எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் மின் எஞ்சினின் திறன் ஆறாயிரத்தைத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். 22 வங்காளத்தில் ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டி இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது படையினரை ஏற்றிச் சென்றது. 1909-இல் ஓய்வு. பிறகு நீண்ட காலம் ஹவுரா நிலையத்துக்கு வெளியே பீடத்தில் நின்றது. டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்தது அதற்கெல்லாம் பின்னால். 1997-இல் மறுபடி தண்டவாளம் ஏறியது. ஓய்வுபெற்று 88 ஆண்டுக்குப் பிறகு வேலைக்கு வந்த அரசு ஊழியர் வேறு யாரும் இருக்க முடியாது. அடுத்த ஆண்டே, வழக்கமான சேவையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸ் சான்று தந்தது.

அந்த உயிர்ப்பித்தல் நடந்த இடம் சென்னைதான், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுக் காலம் சும்மா நின்றிருந்த 21-ஐயும் அதே பணிமனைதான் எழுப்பி நடக்கவைத்தது. காணாமல் போயிருந்த பாகங்களும் துரு தின்று தீர்த்த பாகங்களும் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டன. "1855 எவ்வளவு" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

ஓட்டுவதை எதிர்ப்பவர்கள் பேசுவதைக் கேட்டால், ஓட்டாமல் விட்டால் எஞ்சின் பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். நம் ஊர் ரயில் நிலைய வாசல்களில் பீடத்தில் நிற்கும் எஞ்சின்களை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மழைத்தண்ணீர் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கும். வடிய வழியில்லை. சாம்பல் மிச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமிலம். அடித்தகடு உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் யாராவது பெரிய அதிகாரி வருவதற்கு முந்தின வாரம், கறுப்பும் சிவப்புமாகப் பெயின்ட் ஏறும். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பதால் உள்ளே துரு வளர்வது தெரியாது. பித்தளையும் செம்பும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பீடத்தில் நிற்பவற்றுக்கு மட்டுமா இந்தக் கதி? உலகச் சான்று பெற்ற ஃபேரி குயினின் பாகங்களே 2011-இல் களவு போயின. எஞ்சின் மறுபடி பெரம்பூருக்கு வரவேண்டியதாயிற்று.

ஆக, நிறுத்தி வைப்பதும் ஒரு செலவுதான். கூரை வேண்டும், ஈரம் அண்டாத காற்று வேண்டும், காவல் வேண்டும். அதில்லாமல் வெட்டவெளியில் நிறுத்தி வைப்பதற்குப் பெயர் காட்சி இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் நீண்ட தங்கல், அவ்வளவுதான்.

இனி ஓட்டினால் என்ன ஆகும்?

கரி எஞ்சினின் உயிர் பாய்லரில் இருக்கிறது. ஒரு முனையில் நெருப்பு எரியும் அறை. அதைச் சுற்றிலும் தண்ணீர். நெருப்பின் சூட்டுக்காற்று பத்து பத்தாகவோ நூறு நூறாகவோ நீளும் குழாய்களுக்குள் புகுந்து, தண்ணீரின் நடுவே ஓடி, மறுமுனையில் புகைபோக்கிக்குப் போகும். தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைப்பதில்தான் இழுவை பிறக்கிறது. ஆபத்தும் அதே இடத்தில்தான். நெருப்பறையின் தகட்டையும் வெளித்தகட்டையும் பிடித்து நிறுத்துபவை வரிசை வரிசையான சிறு இரும்புத் தண்டுகள். ஒவ்வொரு முறை தீ மூட்டும்போதும் உள்தகடு அதிகம் விரியும், வெளித்தகடு குறைவாக விரியும். தண்டுகள் வளையும். ஆறும்போது மறுபடி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான். நெருப்பறைக் கூரைக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் தகடு சூட்டில் இளகும். அதன் பிறகு நடப்பதைப் பார்க்க அருகில் யாரும் இருக்கக் கூடாது. அதனால்தான் அனுபவமுள்ள ஃபயர்மேன் கரியைப் பார்ப்பதைவிடத் தண்ணீர்க் கண்ணாடியை அதிகம் பார்ப்பார்.

பிரிட்டனில் பொதுவாகப் பத்தாண்டுக்கொரு முறை பாய்லரை எஞ்சினிலிருந்து தூக்கி எடுத்து, குழாய்களையெல்லாம் உருவி, தகடு தகடாகச் சோதித்த பிறகுதான் அடுத்த பத்தாண்டுக்கு அனுமதி கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பழைய உலோகம் வெளியே போகும், கொஞ்சம் புதியது உள்ளே வரும். சக்கரத்தின் விளிம்பு, தாங்கி, பிஸ்டன் வளையம் எல்லாம் தேய்மானப் பொருள்கள். ஓட்டம் என்றாலே தேய்மானம்.

பணமும்தான். "ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்" 1923-இல் டான்காஸ்டரில் பிறந்த எஞ்சின். அதை பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004-இல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பழுது பார்க்கும் வேலை 2006-இல் தொடங்கி 2016-இல் முடிந்தது. செலவு 42 லட்சம் பவுண்டு. வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இருமடங்கு. பிரிக்கப் பிரிக்க உள்ளே புதுப்புது விரிசல்கள் தென்பட்டுக்கொண்டே இருந்தன. ஏன் இப்படி இழுத்தது என்று விசாரித்துத் தனி அறிக்கையே எழுத வேண்டி வந்தது. பழைய வீட்டில் ஒரு சுவரை இடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

ஆனால் பணமோ பாய்லரோ ஓட்டுவதற்கு எதிரான வலுவான வாதம் அல்ல. வலுவான வாதம் ஜார்ஜ், ராபர்ட் ஸ்டீவன்சன்களின் "ராக்கெட்"டிடம் இருக்கிறது.

1829-இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற அந்த எஞ்சினை யாரும் புதுசாக்கவில்லை. ஏறக்குறைய 1862-இல் அருங்காட்சியகத்துக்கு வந்த கோலத்திலேயே, கறுத்து, அங்கஹீனமாக, மஞ்சள் பெயின்ட் எதுவும் இல்லாமல் இருக்கிறது. படங்களில் பார்த்துவிட்டு வருகிற குழந்தைகள் ஏமாந்து போவார்கள். 1999-இல் மைக்கேல் பெய்லி, ஜான் கிளிதெரோ என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கவனமாகப் பிரித்து, ஆணி ஆணியாக ஆராய்ந்தார்கள். சாய்வாக இருந்த சிலிண்டர்களை ஓடத் தொடங்கிய சில காலத்திலேயே ஏறக்குறையக் கிடைமட்டமாக இறக்கியிருக்கிறார்கள். ஓட்டைகள், ஒட்டுகள், நெளிவுகள் எல்லாம் அதன் உழைப்பு வாழ்க்கையைச் சொல்லின. யாராவது ஆர்வக்கோளாறில் அதைப் "பழையபடி" ஆக்கியிருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. துருப்பிடித்த அந்த இரும்பு ஓர் ஆவணம். ஓலைச்சுவடியில் மங்கிய எழுத்தின் மேல் யாரும் புது மையால் எழுதுவதில்லையே.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இன்னொரு வழியைக் காட்டியது. "ஜான் புல்" என்ற 1831-ஆம் ஆண்டு எஞ்சின் 1884 முதலே அவர்களிடம் இருக்கிறது. 150-ஆம் ஆண்டு நெருங்கியபோது, அதைத் தொட்டுக் கெடுக்காமல் ஓட்ட முடியுமா என்று முதலில் சோதித்தார்கள். பாய்லரையும் மற்ற பாகங்களையும் பொறுமையாகப் பரிசோதித்தார்கள். 1981 செப்டம்பர் 15 அன்று அது தன் சொந்த ஆவியில் ஓடியது. அப்போது உலகில் ஓடக்கூடிய மிகப் பழைய எஞ்சின் அதுதான். அந்த விழா முடிந்ததும் திரும்ப அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஓடுவேன் என்று நிரூபித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்ட பெரியவர் மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது என்பதும் தெரிகிறது.

ஏன் பொருந்தாது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் ஒருமுறை தீயில் போனது. மறுபடி செய்தார்கள். பின்னால் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். "இது பழைய தேர் இல்லை" என்று வடம் பிடிக்காமல் வீட்டில் இருந்தவர் யாராவது உண்டா? தேர் என்றால் ஓடுவது. மரமும் சக்கரமும் மாறலாம், ஓட்டம் மாறக் கூடாது. அதே ஊர் மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து, சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றில் விரல் ஒடிந்திருப்பதைப் பார்த்து, "புது விரல் வார்த்து ஒட்டுங்கள்" என்று சொல்ல மாட்டார்கள். அங்கே உலோகமேதான் பொருள். யாரும் பாடம் எடுக்காமலே நமக்கு இந்த வித்தியாசம் தெரியும். எஞ்சின் என்று வரும்போதுதான் குழம்பிப் போகிறோம், ஏனென்றால் அது தேராகவும் இருக்கிறது, திருமேனியாகவும் இருக்கிறது.

நீலகிரி மலை ரயில் சந்தேகமில்லாமல் தேர். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தடத்தில் ஏறுகிற எக்ஸ் வகை எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி சிலவற்றை மாற்றினார்கள். வயதானவற்றுக்குப் பதிலாக, திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எக்ஸ் எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஏதோ ஓர் எஞ்சினை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயிலை. அங்கே எஞ்சினை நிறுத்திவைத்துப் பாதுகாக்கிறோம் என்றால்தான் அபத்தம்.

மூன்றாவது வழியையும் சொல்ல வேண்டும்: பழையதைத் தொடாதே, புதிதாக ஒன்று செய். ராக்கெட்டுக்கு 1979-இல் ஓடும் நகல் செய்தார்கள். மூலம் அருங்காட்சியகத்தில், நகல் தண்டவாளத்தில். டார்லிங்டனில் 2008-இல் முடிந்த "டொர்னாடோ" இன்னும் ஒருபடி மேலே. ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்ட ஒரு வகை எஞ்சினை, பழைய வரைபடங்களை வைத்து முழுக்கப் புதிதாகவே கட்டினார்கள். அதற்குப் பாய்லர் செய்து தரும் பணிமனை பிரிட்டனில் அமையவில்லை, ஜெர்மனியின் மைனிங்கனிலிருந்து வந்தது. எஞ்சினைக் கண்டுபிடித்த நாட்டுக்கே இந்த நிலை.

21-க்கு வருவோம். அது ராக்கெட் அல்ல. நூறாண்டு வெளியில் நின்று, பாகங்களைப் பறிகொடுத்து, பணிமனையில் புது உடம்பு வாங்கியாகிவிட்டது. அதன் ஆவண மதிப்பில் பெரும்பங்கு 2010-க்கு முன்பே போய்விட்டது. இனி அதைக் கண்ணாடிக்குள் வைப்பதால் திரும்பி வரப்போவது எதுவும் இல்லை. ஆகவே ஓட்டுங்கள் என்பதே என் பக்கம். 2019-இல் கொச்சித் துறைமுக நிலையத்துக்கு அது ஓடிய மாதிரி, அவ்வப்போது, மெதுவாக, குறைந்த தூரத்துக்கு. இன்னொரு காரணமும் உண்டு. ஆவி எஞ்சினுக்கு முந்தின நாளே தீ மூட்டி, மணிக்கணக்கில் சூடேற்றி, எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் தப்பு என்று காதாலேயே கண்டுகொள்வது புத்தகத்தில் வராது. இந்திய அகலப்பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் 1995-இல் முடிந்தது. அந்த ஷெட்டுகளில் வேலை கற்றவர்களில் பலர் இப்போது ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார்கள். எஞ்சின் ஓடினால்தான் இன்னொருவர் கற்றுக்கொள்வார்.

ஆனால் இதுவரை யாரும் பிரிக்காத எஞ்சின்கள் இன்னும் பீடங்களில் நிற்கின்றன. அவற்றில் எதற்காவது அடுத்த உயிர்ப்பித்தல் திட்டம் வந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேமராவை எடுக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு, எங்கிருந்து வந்தது, ஏன் கழற்றப்பட்டது என்று. புதிதாகப் பொருத்தும் ஒவ்வொன்றிலும், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், செய்த வருடத்தைக் குத்திவிடுவது. நல்ல பணிமனைகள் இதை வழக்கமாகவே செய்கின்றன. கழற்றிய பழைய பாய்லரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாமல், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு கூரையின் கீழ் வைத்துவிட்டால், ஓடுவதைப் பார்க்க வருகிற பிள்ளைகள் அதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.