கால்குலேட்டர் மாற்றும் முன் ஒரு டீ

உட்கார் தம்பி, டீ வரட்டும். கடலூரிலிருந்து தினம் ரயிலில் சிதம்பரம் வந்து, அண்ணாமலைநகரில் எலெக்ட்ரிகல் படிக்கிறாய். கையில் இருப்பது காசியோ 82 எம்எஸ். ஏசி சர்க்யூட் ஆரம்பித்ததும் அது போதவில்லை. வாங்குவதுதான் வாங்குகிறோம், கிராஃப் போடுகிற கால்குலேட்டராகவே வாங்கிவிடலாமா என்கிறாய். வேண்டாம் என்பேன்.

கிராஃப் கால்குலேட்டர் நல்ல கருவிதான். காசியோ 1985-இலேயே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் டிஐ-84-ஐ எஸ்ஏடி தேர்வுக்கே எடுத்துப் போகிறார்கள். ஆனால் அதில் புரோகிராம் எழுதி வைக்கலாம். நம் ஊர் செமஸ்டர் ஹாலில் பொதுவாகப் புரோகிராம் வசதி இல்லாததைத்தான் உள்ளே விடுவார்கள். கேட் தேர்வில் நம் கால்குலேட்டருக்கே இடமில்லை. திரையில் வருவதை மவுஸால் தட்ட வேண்டியதுதான். அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதைப் பரீட்சை அன்று பையோடு வெளியே வைத்துவிட்டுப் போவதா? வளைகோட்டைப் பார்க்கப் போனில் டெஸ்மாஸ் இருக்கிறது, இலவசம்.

உனக்கு உண்மையில் வேண்டியது கலப்பெண் கணக்கு. 3+4ஜே, 6-8ஜே என்று இரண்டு இம்பீடன்ஸ் பேரலலாக இருக்கின்றன என்று வைத்துக்கொள். 82 எம்எஸ்ஸில் போலார், ரெக்டாங்குலர் என்று மாற்றி மாற்றித் தாளில் குறித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மைனஸ் விட்டுப்போனால் மொத்தக் கணக்கும் போச்சு. அதே காசியோவின் 991 இஎஸ் பிளஸ்ஸில் மோடு அழுத்தி 2. ஜே வரும் இடத்தில் இஎன்ஜி பட்டன். மேலே பெருக்கல், கீழே கூட்டல் என்று நோட்டில் எழுதுவது போலவே எழுதி, ஷிஃப்ட் 2, பிறகு 3, சமக்குறி. 5.077 ஓம், 23.96 டிகிரி என்று வந்து நிற்கும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் கேட்டுக்கொள். மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கும் மோடும் அதில் உண்டு, டிசி மெஷ் கணக்குக்கு அருமை. ஆனால் அந்த மோடு கலப்பெண் கெழுக்களை ஏற்காது. ஏசி மெஷ் வந்தால் டிடர்மினன்ட்டை நீயே விரித்து, காம்ப்ளெக்ஸ் மோடில்தான் போட வேண்டும். 991 இஎக்ஸ் நான்கு மாறி வரை தீர்க்கும், திரையும் கூர்மை. கிடைத்தால் அதை எடு.

புதிதாக வந்திருக்கும் 991 சிடபிள்யூவைப் பார்த்து வாங்கு. குறை சொல்ல முடியாத மெஷின், ஆனால் பட்டன் அமைப்பே வேறு. இஎன்ஜி பட்டன் போய்விட்டது, இன்டெக்ரல் கேட்டலாக் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. மில்லி, மைக்ரோ என்று நாள் முழுக்கப் புழங்கும் உனக்குக் கை பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு என்றால் தயங்காமல் அதையே சொல்வேன்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் உன் அத்தை மகளும் மாற்றணும் என்றாளாமே? அவளுக்கு எதற்கு? சராசரி, திட்ட விலக்கம், ரிக்ரஷன் எல்லாம் 82 எம்எஸ்ஸிலேயே இருக்கின்றன. எந்த விலக்கம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று எட்டு மீனின் அளவைப் போட்டால் சிக்மா என் 2 காட்டும், சிக்மா என் மைனஸ் ஒன் 2.138 காட்டும். கடலிலிருந்து எடுத்த மாதிரி என்பதால் அவள் எழுத வேண்டியது இரண்டாவது. இதைச் சொல்லிக்கொடு, செலவு மிச்சம்.

நீ செமஸ்டர் தொடக்கத்திலேயே வாங்கிவிடு, பரீட்சை வாரத்தில் வேண்டாம். கடையில் வைத்தே சைன் 30 போட்டுப் பார். 0.5 வரணும். மைனஸ் 0.988 வந்தால் மெஷின் பழுதில்லை, ரேடியனில் கிடக்கிறது, டிகிரிக்கு மாற்றிக்கொள்.