அம்மி கொத்துவதும் தரை கொத்துவதும்

மாணவர்களே! அரைத்து அரைத்து வழுவழுப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் உளி கொண்டு அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைப்பார்கள். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். பழைய சிமெண்டுத் தரைமீது புதிதாகப் பூசும் முன்பும் கொத்தர் இதையேதான் செய்கிறார். ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், திருநின்றவூரில் எங்கள் வீட்டு வராந்தாவுக்குப் புதுப் பூச்சுப் போட்டோம். அவசரத்தில், "கொத்த வேண்டாம், அப்படியே பூசுங்கள்" என்று சொன்னவன் நானே! ஓராண்டுக்குள் தரையைத் தட்டினால் 'டொக் டொக்' என்றது. பிறகு அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. இயற்பியல் படித்தவனுக்குத் தரை கற்பித்த பாடம் அது.

புதுச் சிமெண்டுக் கலவை உலரும்போது சுருங்கும். அடியிலுள்ள பழைய தரை சுருங்காது. ஆகவே இரண்டும் சேருமிடத்தில் பக்கவாட்டில் ஓர் இழுவிசை உண்டாகிறது. பிடிப்பு போதாவிட்டால் பூச்சு விட்டுப்போகும்.

"கொத்தினால் பரப்பு கூடும், பிடிப்பும் கூடும்" என்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போமா? தரை முழுவதும் 45 பாகைச் சரிவுள்ள சிறு மேடு பள்ளங்கள் இருப்பதாகக் கொள்வோம். 1 செ.மீ. அகலத்திற்குச் சரிவின் நீளம் √2, அதாவது 1.41 செ.மீ. ஆகப் பரப்பு ஏறத்தாழ 41 சதவீதம் மட்டுமே கூடுகிறது. மீதிப் பலன் எங்கிருந்து வருகிறது?

கான்கிரீட் இறுகும்போது உபரி நீர் மேலே எழும்புகிறது. மிக நுண்ணிய சிமெண்டுத் துகள்களையும் தூசியையும் அது சுமந்து வந்து, பாலின் மேல் ஆடைபோலப் படிய விடுகிறது. இந்த ஆடை பலவீனமானது. அதன்மேல் எவ்வளவு நல்ல பூச்சைப் போட்டாலும், ஆடையோடு சேர்ந்து உரிந்துவிடும். கொத்துவதன் முதல் வேலை ஆடையை அகற்றுவது; அடுத்த வேலை, பல்சக்கரங்கள்போல் பழையதும் புதியதும் கோத்துக்கொள்ளச் செய்வது.

எவ்வளவு கொத்துவது? மெல்லிய வண்ணப் பூச்சுக்குத் தேய்ப்பு இயந்திரத்தின் லேசான சொரசொரப்பே போதும். தடித்த பூச்சுக்கு உளியோ, முகத்தில் கூம்புப் பற்கள் வரிசையாக உள்ள சுத்தியலோ வேண்டும். பெரிய கூடங்களில், சுழலும் சக்கரத்தால் சிறு எஃகுக் குண்டுகளைத் தரைமீது வீசும் இயந்திரம் பயன்படுகிறது. ஓங்கி ஓங்கி அடிப்பதும் தவறு. மேற்பரப்பின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும்; பூச்சு அந்த உடைந்த படலத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கொத்தியபின் தூசியைக் கழுவி, தரையை நீரில் ஊறவிட வேண்டும். இல்லையேல் வறண்ட தரை புதுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஆனால் பூசும்போது நீர் தேங்கி நிற்கக் கூடாது.

மணலை வேகமாகப் பீய்ச்சிப் பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறைக்கு அமெரிக்கர் பெஞ்சமின் டில்க்மன் 1870இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் ஓர் ஆபத்து இருந்தது. மணலிலுள்ள சிலிக்காவின் நுண்தூசி நுரையீரலில் தங்கி, குணமாகாத 'சிலிக்கோசிஸ்' நோயைத் தரும். கான்கிரீட்டிலும் மணல் உண்டல்லவா? அதனால் உலர்ந்த தரையைக் கொத்துபவருக்கும் தேய்ப்பவருக்கும் இதே அபாயம் இருக்கிறது. முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. நீர் தெளித்து வேலை செய்வதும் தகுந்த முகமூடியும் அவசியம்.

இன்று ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையை ஒரு நாணயத்தால் இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். எங்கே ஓசை பொள்ளலாக ஒலிக்கிறதோ, அங்கே பூச்சு அடித்தரையை விட்டுப் பிரிந்திருக்கிறது!