மறைமொழியும் மனமகிழ்வும்

இறைவன் இன்ப வடிவினன் என்று சமயங்கள் பலவும் கூறுகின்றன. ஆயின் அவ்வின்பத்தை நாள்தோறும் நுகர்வோர் எத்துணைப் பேர்? வழிபாடு கடமையாகி, கடமை பழக்கமாகி, பழக்கம் ஈற்றில் சுமையாகிவிடுவதைச் சமயப் பற்றுடையார் பலரும் தம் அனுபவத்தில் அறிவர். இவ்விடர்ப்பாட்டுக்குக் கிறிஸ்தவ சமயத்தார் கண்ட விடைகளுள் தலையாயது, திருமறையைத் தியானித்தல் என்பதாகும். அஃது யாது? வெறும் படிப்பினின்றும் அஃது எவ்வாறு வேறுபடுகிறது? அதனால் மகிழ்ச்சி பிறப்பது எங்ஙனம்? இவற்றை, அந்நெறியை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கைக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

தியானம் எனும் சொல்

தியானம் என்றவுடன் கண்களை மூடி, நாவை அடக்கி, எண்ணங்களை ஒடுக்கி இருக்கும் நிலையே நம் மனக்கண்முன் தோன்றும். விவிலியத்தின் முதற் சங்கீதம், இறைவனின் வேதத்தை இரவும் பகலும் தியானிப்பவனை நீர்க்கால் ஓரத்து மரத்துக்கு ஒப்பிடுகிறது. அங்கே எபிரேய மொழியில் உள்ள சொல் 'ஹாகா' என்பது. வாய்க்குள் முணுமுணுத்தல் என்பது அதன் பொருள். இரையைப் பற்றிக்கொண்ட சிங்கத்தின் உறுமலுக்கும், புறாவின் முனகலுக்கும் ஏசாயா நூல் இதே சொல்லை ஆள்கிறது. எனவே பழைய எபிரேயரின் தியானம் நாவோடு தொடர்புடையது. ஒரு சொற்றொடரை வாயாற் சொல்லிச் சொல்லி, அதன் சுவை உள்ளத்தில் இறங்கும்வரை விடாது பற்றியிருத்தலே அது. திண்ணைப் பள்ளியில் பாடம் சொன்ன பழக்கமுடைய தமிழருக்கு இஃது அயலான செயலன்று.

ஐரோப்பியத் துறவிகளும் இக்கருத்தை வளர்த்தனர். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் அடிகள் வகுத்த ஒழுங்கு, துறவியர் நாள்தோறும் மறை வாசிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்னும் துறவி வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைக்காட்சியில் இளைப்பாறுதல் என நான்கு படிகளுடைய ஏணியாக இதனை விளக்கினார். உண்ட புல்லை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் பசுவை அத்துறவியர் உவமையாகக் கூறுவர். நாமும் ஒன்றை நினைந்து நினைந்து பார்ப்பதை 'அசைபோடுதல்' என்றுதானே சொல்கிறோம்!

பிரிஸ்டல் நகரத்துப் பெரியார்

ஜார்ஜ் முல்லர் 1805இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். இளமையில் தந்தையின் பொறுப்பிலிருந்த பணத்தைத் திருடியும், விடுதிக் கட்டணம் செலுத்தாது ஏமாற்றிச் சிறை சென்றும் கெட்டலைந்தவர். 1825இல் மனந்திரும்பினார். பின்னர் இங்கிலாந்து சென்று, பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1870க்குள் ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் ஐந்து பெரும் இல்லங்கள் எழுந்தன. ஏறத்தாழ 2,000 குழந்தைகள் அவற்றில் தங்க இடமிருந்தது. இத்தனைக்கும் அவர் எவரிடமும் கைந்நீட்டிப் பொருள் கேட்டதில்லை. தேவையை இறைவனிடம் மட்டுமே கூறுவது அவர் கொள்கை. தம் எண்பதாம் வயதுக்குப்பின் மேற்கொண்ட உலகப் பயணத்தில் (1885 - 1887) சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்தவர் என்ற வகையில், இவர் நம் நாட்டவர்க்கு முற்றிலும் புதியவரும் அல்லர்.

இவர் 1841ஆம் ஆண்டில் தாம் கண்ட ஓர் உண்மையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்குமுன் காலையில் எழுந்ததும் முழங்காற்படியிட்டு மன்றாடுவதே அவர் வழக்கம். ஆனால் மனம் நெடுநேரம் அங்குமிங்கும் அலையும். அரைமணி, ஒருமணி கழிந்த பின்னரே ஆறுதல் தோன்றும் நாட்களும் உண்டு. 1841இல் இம்முறையை அவர் மாற்றினார். முதலில் மறையைத் திறந்தார். ஆசி வேண்டிச் சில சொற்கள் மட்டும் கூறிவிட்டு, புதிய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு வசனத்திலும் தம் ஆன்மாவுக்கு உணவு உண்டா என்று தேடினார். பிறருக்குப் போதிக்கும் கருத்தைத் தேடவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சில நிமிடங்களில் அத்தியானமே மன்றாட்டாக மாறிற்று. பெரிய எழுத்தில் அச்சான புதிய ஏற்பாடு ஒன்றை வாங்கி, காலை உணவுக்குமுன் வயல்வெளியில் உலவியவாறே இதனைச் செய்தும் வந்தார்.

இது நிகழும் வகை

இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் காரணம் ஆழமானது. வெறுமையான உள்ளத்தோடு பேசத் தொடங்குபவன் தன் கவலைகளையே சுற்றிச் சுற்றி வருவான். முதலிற் கேட்பவனுக்கோ பேசுவதற்குப் பொருள் கிடைத்துவிடுகிறது.

சான்றாக ஒன்று காண்போம். விதைக்காமலும் அறுக்காமலும் இருக்கும் பறவைகளை இறைவன் உண்பிக்கிறார் என்று இயேசுபிரான் மலைமேல் உரைத்ததாக மத்தேயு எழுதியுள்ளார். இதனை விரைந்து படிப்பவன் அழகிய உவமை என்று கூறி அடுத்த வரிக்குப் போய்விடுவான். தியானிப்பவன் அங்கேயே நிற்கிறான். 'இதுவரை என்னை உண்பித்தவர் யார்?' என்று கேட்கிறான், நன்றி பிறக்கிறது. 'பின் ஏன் நேற்றிரவு உறங்காது கிடந்தேன்?' என்று எண்ணுகிறான். தன் அவநம்பிக்கையை ஒப்புக்கொள்கிறான். வேலை இழந்த அண்டை வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார், அவருக்காக மன்றாடுகிறான். ஒரு வசனம் மூன்று வாயில்களைத் திறந்துவிட்டது. கவலையிலிருந்த கண் கொடுப்பவரை நோக்கித் திரும்புகிறது. அத்திருப்பத்திலேதான் மகிழ்ச்சி பிறக்கிறது.

மகிழ்ச்சி தன்னலமா?

நூற்றுக்கணக்கான குழந்தைகள் பசித்திருக்கும் இடத்தில் ஒருவர் காலைதோறும் தம் ஆன்மாவின் மகிழ்ச்சியைத் தேடுவது தன்னலமன்றோ என்று சிலர் வினவலாம். முல்லரின் கருத்து இதற்கு நேர்மாறானது. உணவு கொள்ளாத உடல் நெடுநேரம் உழைக்காது. அதுபோலவே இறைவனில் மகிழாத உள்ளம் செய்யும் தொண்டு, அறமாக இருப்பினும் செவ்விய மனப்பான்மையோடு நடைபெறாது என்று அவர் கருதினார். சலிப்புற்ற தாயின் கையால் உண்ணும் குழந்தையும் அச்சலிப்பை உணருமல்லவா? எனவே மகிழ்ச்சியைத் தொண்டின் கூலியாகக் கருதாமல் அதன் வேராகக் கருதினார்.

மற்றொரு வினாவும் எழும். இது நலமான காலத்துக்கு மட்டும் உரிய இன்பமா? விவிலியம் அவ்வாறு கூறவில்லை. சங்கீதங்களுள் பெரும் பகுதி புலம்பல்களே. அத்திமரம் துளிர்க்காது, கொட்டிலில் மாடு இல்லாது போயினும் இறைவனில் களிகூர்வதாக ஆபகூக் தீர்க்கர் உரைத்தார். இறைமொழியை உட்கொண்டது தமக்குக் களிப்பாயிற்று என்று எரேமியா கூறுவதும், தம் வேதனையை முறையிடும் பகுதியிலேதான். முல்லரின் வாழ்விலும் இச்சோதனை வந்தது. அவர் இவ்வுண்மையைக் கண்ட 1841ஆம் ஆண்டின் இறுதியிலேயே இல்லங்களில் கடும் பணமுடை ஏற்பட்டது. 1870இல், ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் உடன் வாழ்ந்த மனைவி மேரி காலமானார். அடக்க நாளில் முல்லரே பேசினார். இறைவன் நல்லவர், நன்மையே செய்பவர் என்னும் சங்கீதக் கருத்தை, மனைவிக்காக ஆற்றிய அருளுரையின் பொருளாகக் கொண்டார். 1890இல், தம் ஒரே மகள் இறந்த செய்தி இந்தியாவில் பயணம் செய்துகொண்டிருந்த அவரை எட்டியது. அழுகை அவருக்கும் உண்டு. ஆனால் அழும்போது ஊன்றிக்கொள்ளச் சொற்கள் இருந்தன. அச்சொற்கள் துயர நாளில் தேடிப் பிடித்தவை அல்ல. பல்லாண்டுக் காலைகளில் அசைபோட்டுச் சேர்த்தவை.

1898இல் தம் 92ஆம் வயதில் அவர் மறையும்வரை இப்பழக்கம் நீடித்தது. மறை தியானத்துக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும். நிறையப் படித்தலினும் நின்று படித்தலே அதற்கு வேண்டுவது. நீர்க்கால் ஓரத்து மரம் ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லை. ஆயினும் கோடையில் அதன் இலையைப் பார்ப்பவர், வேர் எங்கே சென்றிருக்கிறது என்பதை அறிந்துகொள்வர்.