தப்பும் தோட்டமும்: மடுல்சீமைப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

மலையக நாட்டார் இசை பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் பாடலையே பொருளாகக் கொண்டன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்டது. எனினும், பாடலின் சொற்கள் பெற்ற கவனத்தை அதனோடு ஒலித்த தப்பும், அதனை அடித்த கலைஞரும் பெற்றாரல்லர். இதற்கான காரணத்தை இசைக்குள் மட்டும் தேடுதல் பயன்தராது. உற்பத்தி உறவுகளிலும் சாதியமைப்பிலும் தேடுதல் வேண்டும்.

பதுளை மாவட்டத்து மடுல்சீமை, பசறை, லுணுகலைத் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளருடன் தப்பும் வந்தது. வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்திய இக்கருவி, தீயிற் காய்ச்சிய பின்னரே உரிய நாதம் தரும். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய சிம்பு. கிராமத்தில் இதனை அடித்தல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியம். தோட்ட நிர்வாகம் அவ்வூழியத்தை ஒழிக்கவில்லை. தன் தேவைக்கு வரித்துக்கொண்டது. விடியுமுன் பிரட்டுக்கு ஆள் திரட்ட மலையகத் தோட்டங்களில் தப்பு முழங்கியது.

பிற பெருந்தோட்ட நாடுகளை நோக்கின் இதன் தனித்தன்மை புலனாகும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டு அடிமைச் சட்டம் மேளத்தைத் தடைசெய்தது. திரினிடாட்டில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் களியாட்ட மேளத்தை ஒடுக்கியது. ஒடுக்கப்பட்ட தாளம் மூங்கிலுக்கும், பின்னர் உருக்குப் பீப்பாய்க்கும் தாவியது. அங்கு ஆள்வோர் மேளத்தைக் கிளர்ச்சியின் குரலாகக் கண்டு அஞ்சினர். இங்கோ, சாதி ஏலவே கலைஞனைப் பிணித்திருந்தமையால், அதனை வேலை நேரத்தின் குரலாக்குதல் எளிதாயிற்று எனலாம்.

ஆயினும் கருவி முற்றாக அடிமைப்படவில்லை. மாசி மாதக் காமன் கூத்தில், ரதியும் மதனும் தப்பின் அடிக்கே ஆடுவர். காமன் எரிந்தபின் ரதியின் புலம்பலுக்கும் அதுவே துணை. காலையில் துரையின் நேரத்தை அறிவித்த தோல், இரவில் லயத்து மக்களின் நேரத்தை அறிவித்தது. இம்முரண்பாட்டிலேயே மலையகத் தப்பிசையின் வரலாறு அடங்கியுள்ளது.

இன்று இளைஞர் சிலர் தப்பைத் தொட மறுக்கின்றனர். வேறு சிலர் அதனைப் பெருமிதத்துடன் மேடையேற்றுகின்றனர். மறுப்போரைப் பண்பாடு மறந்தோர் எனக் கடிதல் தகாது. இழவு வீட்டுக் கட்டாய ஊழியத்தை மறுப்பதும் விடுதலையின் கூறே. விரும்பியவர் விரும்பியபோது உரிய ஊதியத்துடனும் மதிப்புடனும் அடிக்கும் நிலை தோன்றும்போதே தப்பு முழுமையாகக் கலையாகும். கருவியைப் போற்றிக் கலைஞனின் இழிநிலையை மறைக்கும் ஆய்வு அந்நிலைக்கு உதவாது.