உள்ளே ஒரு கூட்டுக் குடும்பம்

"போகலாம் என்று ஒரு மனசு சொல்கிறது, வேண்டாம் என்று இன்னொரு மனசு சொல்கிறது." இப்படி நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! தூரத்து உறவினர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து புதுப் புடவை வாங்குவது வரை எல்லாவற்றிலும் நமக்கு இரண்டு மனசுதான். "அதெப்படி ஐயா, ஓர் ஆளுக்கு இரண்டு மனசு?" என்று எவரும் நம்மை மடக்குவதில்லை. கேட்கிறவருக்கும் அப்படித்தானே!

திருவள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமும், 'நெஞ்சொடு புலத்தல்' என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். முன்னதில் நெஞ்சோடு பேச்சு. பின்னதில் நெஞ்சோடு பிணக்கு. பழைய சினிமாப் படங்களிலோ, கதாநாயகன் கண்ணாடி முன் நின்றால் போதும். அவனைப் போலவே ஒருவன் வெளியே வந்து அவனையே கேள்வி கேட்பான். ஆகவே, நமக்குள் ஒருவருக்கு மேல் குடியிருக்கிறார்கள் என்பது நமக்குப் புதிய சமாசாரம் அல்ல. அவர்களோடு அன்பாகப் பேசியே மனப்புண்ணை ஆற்றலாம் என்று ஒரு சிகிச்சை முறையை வகுத்திருக்கிறார்களே, அதுதான் புதிது.

பயந்தாங்கொள்ளி யார்?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், பொன்னேரியைத் தாண்டினால் வருவது கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். இரவு எட்டரை மணி சுமாருக்கு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், நேர்ப் பாதையில் போவதற்குப் பதிலாகப் பக்கத்து லூப் லைனில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. பலர் காயமடைந்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

தண்டவாளத்தைச் செப்பனிட்டு ரயிலை ஓடவிட்டாயிற்று. ஆனால் இப்படிப்பட்ட விபத்தைக் கண்டவர்களின் மனத்தைச் செப்பனிட எந்தப் பொறியாளர் வருவார்?

ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். கவரைப்பேட்டையிலிருந்து தினம் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். விபத்து நடந்த ரயிலில் அவள் இல்லை. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தவள், அவ்வளவுதான். மறு வாரம் பிளாட்பாரத்தில் நின்றபோது நெஞ்சு படபடத்தது, கால் நகரவில்லை. ஒரு ரயில் போயிற்று, அடுத்ததும் போயிற்று. இப்படியே பத்து நாள் லீவு. "இன்னும் ஒரு நாள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம்" என்கிறார் முதலாளி. "ஊரே அந்த ரயிலில்தான் போகிறது, உனக்கு மட்டும் என்னவாம்?" என்கிறார் கணவர். மாமியாரோ, "பயந்த கோளாறுதான், மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும்" என்கிறாள்.

வெளியே மூன்று குரல். அவளுக்குள்ளேயும் மூன்று குரல்! "ஏறாதே, செத்துப்போவாய்" என்று ஒன்று தடுக்கிறது. "சீ, பயந்தாங்கொள்ளி! பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை யார் கட்டுவது?" என்று இன்னொன்று ஏசுகிறது. இந்த இரைச்சல் தாங்காமல், "எல்லாவற்றையும் மறந்து போனைப் பார்" என்று மூன்றாவது அவளை இரவு இரண்டு மணி வரை விழித்திருக்க வைக்கிறது.

இவற்றில் எதை அடக்குவது? எதையும் அடக்கவேண்டாம் என்கிறது இந்தச் சிகிச்சை.

டாக்டர் தோற்ற கதை

இதை வகுத்தவர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கர். குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் சிகிச்சையில் தேர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில், அளவுக்கு மீறித் தின்று பிறகு அதை வாந்தியெடுக்கும் நோய் கொண்ட பெண்கள் இவரிடம் வந்தார்கள். "என்னுள் ஒன்று என்னைத் திட்டுகிறது, ஒன்று தின்னச் சொல்கிறது" என்று அவர்கள் சொன்னதை இவர் காது கொடுத்துக் கேட்டார்.

முதலில் இவரும் அந்தக் குரல்களை அதட்டி அடக்கத்தான் பார்த்தார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண் வந்தாள். அதைத் தூண்டும் உள்குரலோடு வெகுநேரம் மல்லுக்கட்டி, "இந்த வாரம் செய்வதில்லை" என்று வாக்கு வாங்கி அனுப்பினார். அடுத்த தடவை அவள் முகத்திலேயே காயத்தோடு வந்து நின்றாள்! மனமொடிந்த டாக்டர், "உன்னோடு என்னால் ஜெயிக்க முடியாது" என்று ஒப்புக்கொண்டார். அதிசயம் என்னவென்றால், அவர் தோற்றதும் அந்தக் குரலும் இறங்கி வந்தது. "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று இப்போது அவர் நிஜமான ஆவலோடு கேட்டார். சிறு வயதில் அந்தப் பெண் கொடுமைக்கு ஆளானபோது, அதிலிருந்து அவளைக் காப்பாற்ற வந்த காவலாளிதான் அது என்று தெரிந்தது. ஆபத்து நீங்கிய பிறகும் காவலாளி வேலையை விடவில்லை!

இந்த அனுபவங்களைக் கொண்டு அவர் எழுதிய நூல் 1995இல் வெளியாயிற்று. 'உள்ளுக்குள் குடும்பம்' என்ற பொருளில்தான் தம் முறைக்கு அவர் பெயர் வைத்தார்.

யார், யார் வீட்டில்?

இந்தக் குடும்பத்தில் மூன்று வகையினர். முதல் வகை காரியஸ்தர்கள். பேர் கெடக்கூடாது, அடிபடக்கூடாது என்று சதா கண்டிப்புக் காட்டுகிறவர்கள். "ஏறாதே" என்பவரும், "பயந்தாங்கொள்ளி" என்பவரும் இந்த வகைதான். ஒருவருக்கொருவர் ஆகாது, ஆனால் இருவருக்கும் எண்ணம் ஒன்றே.

இரண்டாவது வகை தீயணைப்புப் படை. துக்கம் பற்றிக்கொண்டால் உடனே தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாய், படுக்கை நனைந்தால் அவர்களுக்கென்ன? குடி, கோபம், கண்மண் தெரியாத செலவு, இரவெல்லாம் போன் எல்லாம் இவர்களுடைய குழாய்த் தண்ணீர்.

மூன்றாவது வகை, பின்கட்டில் பூட்டிவைக்கப்பட்ட குழந்தைகள். பழைய பயம், பழைய அவமானம், பழைய அழுகை. இவர்கள் வெளியே வந்துவிடக்கூடாதே என்றுதான் மற்ற இருவரும் இந்தப் பாடு படுகிறார்கள்.

அப்படியானால் வீட்டுக்குத் தலைவர் இல்லையா? இருக்கிறார். பதறாமல், கோபிக்காமல், அக்கறையோடு எல்லோரையும் விசாரிக்கக்கூடிய 'தான்' ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு. எவ்வளவு அடிபட்டவரிடமும் அது கெட்டுப்போவதில்லை என்பதே இந்த முறையின் அஸ்திவாரம்.

பேசுவது எப்படி?

நம் பெண்மணி சிகிச்சைக்குப் போனால் என்ன நடக்கும்? "ரயிலில் ஏறாதே என்கிறதே, அது உடம்பில் எங்கே தெரிகிறது?" என்று கேட்பார்கள். "நெஞ்சில்" என்பாள். "அதன்மேல் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அம்மா?" "எரிச்சல்தான்." "அந்த எரிச்சலைக் கொஞ்சம் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்." எரிச்சல் நகர்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி. "உன் வேலையை நீ நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?" இந்தச் சிகிச்சையின் சாவியே இந்தக் கேள்விதான்.

அவசரமில்லாமல் காத்திருந்தால் பதில் வரும். ஏழு வயதில் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டு, இருட்டில் தனியே நின்று அழுத ஒரு சிறுமி நினைவுக்கு வரலாம். விபத்து இரவின் அலறல் அவளைத்தான் எழுப்பிவிட்டது. காவலாளியிடம் அனுமதி பெற்று, அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் உட்காருகிறாள் பெரியவள். "நான் வந்துவிட்டேன். இனி உன்னைத் தனியே விடமாட்டேன்" என்கிறாள். குழந்தை தேறினால் காவலாளிக்கு ஓய்வு. ஒருநாளில் நடக்கிற காரியமல்ல இது. பல வாரங்கள் பிடிக்கும். முதலில் பிளாட்பாரம், பிறகு ஒரு ஸ்டேஷன் தூரம், பிறகு சென்னை.

பலன் உண்டா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளிகள் 79 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் ஆராய்ச்சிகள் இன்னும் கொஞ்சமே. சர்வரோக நிவாரணி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆள் இல்லாமல் காதில் குரல் கேட்பது, பிறர் சதி செய்வதாக நினைப்பது போன்றவை வேறு வியாதி. அதற்கு மனநல மருத்துவரும் மருந்தும் அவசியம். ஆழமான பழைய காயங்களைத் தனியே கிளறுவதும் கூடாது. பயிற்சி பெற்றவர் துணை வேண்டும்.

உதவிக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் கதை 1794இலேயே தொடங்குகிறது. வெளியே போகத் தயங்குகிறவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயப்படுகிறவரைப் பார்த்து, "பயப்படாதே" என்று அதட்டுவதால் பயம் போவதில்லை. பின்கட்டுக் கதவுக்கு இன்னொரு பூட்டு விழுகிறது. அந்தக் கணவர், "எந்த இடத்தில் பயமாக இருக்கிறது? நான் கூட வரட்டுமா?" என்று கேட்டிருந்தால் பாதி வைத்தியம் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

உங்களுக்கும் சொல்கிறேன். உங்களிடம் உங்களுக்கே பிடிக்காத ஒரு சுபாவம் இருக்குமே. முன்கோபமோ, சோம்பலோ, எதற்கெடுத்தாலும் தயக்கமோ. இன்று ஒரு நாள் அதைத் திட்டாதீர்கள். வீட்டுக்கு வந்த பெரியவரிடம் கேட்பதுபோல், "என்ன சமாசாரம்? ஏன் இவ்வளவு நாளாக இங்கே காவல் நிற்கிறீர்கள்?" என்று விசாரியுங்கள். விசாரிப்பார் இல்லாமல்தான் அது இத்தனை வருஷம் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிறதோ, என்னவோ!