கடைத்தெருவுக்கு வழி

வறியவருக்கு உதவுதல் இருவகைப்படும். அன்றைய பசியைத் தணிப்பது ஒன்று. மறுநாள் அவர் எவரிடமும் கையேந்தாதவாறு நிலைநிறுத்துவது மற்றொன்று. முன்னது கடமை, பின்னது அக்கடமையின் நிறைவு. இரண்டாம் வகைத் தொண்டை உலகமும் மதித்துப் போற்றுகிறது என்பதற்கு மகசேசே விருது ஒரு சான்றாகும்.

பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடியரசுத் தலைவர் ரமோன் மகசேசே 1957ஆம் ஆண்டு விமான விபத்தில் காலமானார். அவர் நினைவாக அவ்வாண்டே நிறுவப்பட்ட இவ்விருதை ‘ஆசியாவின் நோபல் பரிசு’ என்பர். வறுமையை எதிர்த்து உழைத்த முஸ்லிம் பெருமக்கள் சிலரும் இதனைப் பெற்றுள்ளனர். குமில்லாவில் கூட்டுறவை வளர்த்த அக்தர் ஹமீத் கான் 1963இலும், வங்க தேசத்தின் பஸ்லே ஹஸன் ஆபித் 1980இலும், முஹம்மது யூனுஸ் 1984இலும், கராச்சியின் அப்துஸ் ஸத்தார் ஈதி, பில்கீஸ் தம்பதியர் 1986இலும் இவ்விருதுக்குரியோர் ஆயினர்.

அவ்வரிசையில் 2021ஆம் ஆண்டு சேர்ந்தவர் பாகிஸ்தானின் டாக்டர் முஹம்மது அம்ஜத் ஸாகிப். மருத்துவம் பயின்று, அரசுப் பணியில் அமர்ந்திருந்த இவர், 2001ஆம் ஆண்டு லாகூரில் ‘அகுவத்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அகுவத் என்றால் சகோதரத்துவம். ஏழைகளுக்கு வட்டியின்றிக் கடன் வழங்குவதே அதன் பணி.

இப்பெயர் நம் சிந்தையை மதீனாவுக்கு அழைத்துச் செல்கிறது. மக்காவில் அனைத்தையும் துறந்து வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளோடு சகோதரர்களாகப் பிணைத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார். அவரோ, அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வணிகத்தில் உயர்ந்தார். கொடுக்க முன்வந்தவரின் தாராளமும், உழைத்து வாழ விரும்பியவரின் தன்மானமும் ஒருங்கே சுடர்விடும் நிகழ்ச்சி இது.

அகுவத்தின் முதற்கடனும் இத்தகையதே. கணவரை இழந்த பெண்ணொருவர் தானம் வேண்டாம், வட்டியில்லாக் கடன் போதும் என்றார். 10,000 ரூபாய் பெற்றுத் தையல் இயந்திரங்கள் வாங்கி உழைத்தார். ஆறே மாதங்களில் கடனைத் திருப்பிச் செலுத்தினார். அத்தொகை அடுத்தவர் கைக்குச் சென்றது. தானமாகத் தந்திருப்பின் ஒருவரோடு முடிந்திருக்கும் பணம், கடனாகத் தந்தமையால் பலரை வாழ்விக்கும் பணமாயிற்று.

கடன் வழங்கும் இடமும் கருதத்தக்கது. ஆடம்பர அலுவலகங்களைத் தவிர்த்து, பள்ளிவாசல்களில் பலர் முன்னிலையில் அகுவத் கடன் வழங்கியது. மாதாகோயில்களிலும் இந்துக் கோயில்களிலும் வழங்கியது. சமயம் பாராது யாவருக்கும் ஈந்தது. செலவு குறைந்தது; இறையில்லத்தில் தந்த வாக்குறுதிக்கு மதிப்பும் கூடியது. கடன் பெற்று உயர்ந்தோர் பின்னர் தாமே நன்கொடையாளராயினர்.

விருது அறிவிக்கப்பட்ட காலத்தில், அகுவத் வழங்கியிருந்த கடன்கள் 48 லட்சம். பயனடைந்த குடும்பங்கள் 30 லட்சம். கொடுத்த பணமோ ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்தது. ஏழையை நம்பலாகாது என்போருக்கு இதனினும் தக்க விடை வேறு யாது?

‘அழகிய கடன்’ கொடுப்போரைத் திருமறை சிறப்பித்துக் கூறுகிறது. கடன்பட்டவர் இடர்ப்பட்டால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், அதனைத் தள்ளிவிடுவது இன்னும் நன்று எனவும் அல்பகரா அத்தியாயம் அறிவுறுத்துகிறது. வட்டி தீது என்று சொல்வதோடு நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை. வட்டிக்காரன் வாசலுக்குச் செல்ல நேரும் சகோதரனுக்கு வேறொரு வாசலைத் திறந்து வைக்கவும் வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் மஹல்லாவில் தள்ளுவண்டிக்கோ தையல் இயந்திரத்துக்கோ சிறு தொகையின்றித் தவிப்பவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நால்வர் கூடி அவரைப்பற்றிப் பேசுங்கள். அவர் கேட்பது பிச்சையன்று, கடைத்தெருவுக்கு வழி. அதனைக் காட்டும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!