விமானிக்குக் கிராக்கி வந்த கதை

அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறவர் என்றால், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

ஆனால் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் மட்டுமே வாங்கிய விமானியும் அங்கே உண்டு. அந்த நாட்டில் அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் நடத்துவது மிகக் கஷ்டம்.

ஒரு பெரிய விபத்துக்குப் பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது.

50 பேர் சாவு

2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு. பபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள்.

விமானத்தில் எழுதியிருந்த பெயர் "கான்டினென்டல்". அதை ஓட்டியதோ "கோல்கன் ஏர்" என்ற சிறு கம்பெனி. அதன் உதவி விமானிக்குத்தான் இந்தச் சொற்பச் சம்பளம்!

வாய் திறக்க முடியாது

அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய கம்பெனிகள், சிற்றூர்களுக்கு விமானம் விடும் வேலையைச் சிறு கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. டிக்கெட் பெரிய கம்பெனியின் பெயரில். விமானி சிறு கம்பெனியின் ஆள்.

சிறு கம்பெனி விமானிகள் கூடுதல் சம்பளம் கேட்டால் என்ன ஆகும்? அந்த வேலை, குறைந்த செலவில் செய்யும் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

விமானி வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றால், அதுவும் சுலபம் அல்ல. பழைய சர்வீஸ் அங்கே கணக்கில் வராது. கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும்.

89 நாள் போராட்டம்

நினைத்தவுடன் வேலை நிறுத்தம் செய்யவும் முடியாது. 1926-ல் வந்த ரெயில்வே தொழிலாளர் சட்டம், 1936 முதல் விமானிகளையும் கட்டுப்படுத்துகிறது. சமரச வாரியம் பேச்சு முறிந்தது என்று விடுவிக்க வேண்டும். பிறகு 30 நாள் பொறுக்க வேண்டும். அதன் பின்னும் ஜனாதிபதி தலையிடலாம்.

இவ்வளவையும் தாண்டி, 2001-ல் "கோம் ஏர்" கம்பெனி விமானிகள் 89 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளம் உயர்ந்தது. ஆனால் 2012-ல் அந்தக் கம்பெனியையே அதன் சொந்தக்காரரான டெல்டா மூடிவிட்டது!

காற்று திசை மாறியது

பபலோ விபத்துக்குப் பிறகு சட்டம் கடுமையானது. முன்பு 250 மணி நேரம் பறந்தவர் உதவி விமானி ஆகலாம். 2013 முதல், பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கைப்பணம் போட்டு இத்தனை மணி நேரம் பறந்து, சொற்பச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்? ஆள் பஞ்சம் தலைகாட்டியது.

2016-ல் "ரிபப்ளிக் ஏர்வேஸ்" திவால் மனு கொடுத்தது. விமானிகள் கிடைக்காததும் ஒரு காரணம் என்று சொன்னது.

2020-ல் கொரோனா வந்தது. பெரிய கம்பெனிகள் மூத்த விமானிகள் பலருக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்தன. பயணிகள் திரும்பி வந்ததும், சிறு கம்பெனிகளின் விமானிகளை அள்ளிக்கொண்டன.

விளைவு? 29 ஊர்களுக்கு விமானம் விட ஆள் இல்லை என்று 2022 மார்ச்சில் "ஸ்கைவெஸ்ட்" அறிவித்தது.

மணிக்கு 90 டாலர்

அதே ஆண்டு ஜூன் மாதம் அதிசயம் நடந்தது. "என்வாய்", "பீட்மான்ட்" கம்பெனிகளில் புதிதாகச் சேரும் உதவி விமானிக்கு மணிக்கு 90 டாலர்! அதற்கு முன் சுமார் 50 டாலர்தான். மாதம் 75 மணி நேரம் பறந்தால், ஆண்டுக்கு 81,000 டாலர் வரும்.

89 நாள் போராட்டம் நிலையாகத் தராததை, ஆள் பஞ்சம் கொடுத்தது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 90 டாலரில் ஒரு பகுதி தற்காலிகப் படி. 2024 ஆகஸ்டு வரை என்றுதான் அப்போது கெடு வைத்தார்கள்.

பஞ்சத்தில் ஏறிய கூலி, ஆள் பெருகினால் இறங்கிவிடும். ஒப்பந்தத்தில் நிரந்தரமாக எழுதி வாங்கிய கூலியை இறக்குவது அவ்வளவு சுலபம் அல்ல.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது, காற்றிலே பறக்கும் விமானிகளுக்கும் பொருந்தும்.